மூக்குத்திக்கு மேல் ஒரு மாஸ்க்

ஆண் குறட்டை விட்டால் வீடே சேர்ந்து கேலி செய்யும். பெண் குறட்டை விட்டால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். என் விஷயத்தில் இந்த மரியாதை ஏழெட்டு வருடம் நீடித்தது.

எனக்கு வயது 51. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், வேலை ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில். தினமும் பஸ்ஸில் போகிற தூரம்தான். ஊர் எல்லை தாண்டுவதற்குள் தூங்கிவிடுவேன். கண்டக்டர்தான் தட்டி எழுப்பி இறக்கிவிடுவார். எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் காலையில் தலை பாரமாக இருக்கும், நாக்கு வறண்டிருக்கும். ராத்திரியில் மூன்று தடவையாவது பாத்ரூம் போக எழுந்திருப்பேன். ரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை போட்டும் அளவு இறங்கவில்லை.

சோர்வாக இருக்கிறது என்று போனால் தைராய்டு பார்த்தார்கள். ரத்தசோகை பார்த்தார்கள். சர்க்கரை பார்த்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தன. “மாதவிலக்கு நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

வீட்டில் எனக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். ஆண்டாள் ஊரில் மார்கழி என்றால் பெண்கள் இருட்டோடு எழுந்துவிட வேண்டும். எழுந்திருக்காத தோழியைக் கேலி செய்ய ஆண்டாளே திருப்பாவையில் கும்பகர்ணனைத்தான் இழுக்கிறாள். என் மாமியாருக்கு அது வசதியாகப் போயிற்று. “எங்க வீட்டுக் கும்பகர்ணி எந்திரிச்சாச்சா?” என்பார்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். நானும் சிரித்துக்கொள்வேன்.

வெளியூரில் படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்து என் பக்கத்தில் படுத்தாள். மறுநாள் காலை போனை நீட்டினாள். “அம்மா, இதைக் கொஞ்சம் பாரு.” நான் தூங்கும் வீடியோ. முதலில் குறட்டை. வெட்கமாக இருந்தது. அப்புறம் சத்தமே இல்லை. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கப் போராடுகிறது, மூச்சு வரவில்லை. மகள் திரையில் ஓடும் நொடிகளைக் காட்டினாள். இருபத்தேழு. பிறகு கிணற்றுக்குள் முங்கியவள் மேலே வந்ததுபோல ஒரு இழுப்பு. மறுபடி குறட்டை.

கணவர் எட்டிப் பார்த்தார். “எனக்குத் தெரியும். எத்தனையோ ராத்திரி எந்திரிச்சு உட்கார்ந்து பார்த்திருக்கேன். மூச்சு வந்ததும் படுத்துக்குவேன். உன்கிட்ட எப்படிச் சொல்றது, சங்கடப்படுவியேன்னு விட்டுட்டேன்” என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அந்த மனுஷனும் இத்தனை வருடமாகச் சரியாகத் தூங்கவில்லை என்பதுதான் உறைத்தது.

மதுரையில் ஒரு நுரையீரல் மருத்துவரிடம் போனோம். வீட்டிலேயே செய்கிற தூக்கப் பரிசோதனைக்கு ஒரு சின்னக் கருவி கொடுத்தார். நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை, மூக்கின் கீழே மெல்லிய குழாய், விரலில் ஒரு கிளிப். அதோடு ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் போதும்.

முடிவில் வந்த எண் 34. ஒரு மணி நேரத்துக்கு 34 தடவை என் மூச்சு நின்றிருக்கிறது அல்லது வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஒவ்வொன்றும் பத்து நொடிக்குக் குறையாமல். ஐந்துக்குக் கீழே இருந்தால் பயமில்லை, 15-ஐத் தாண்டினால் நடுத்தரம், 30-ஐத் தாண்டினால் தீவிரம் என்றார் டாக்டர். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 95-க்கு மேல் இருக்க வேண்டும். எனக்கு ஒரு கட்டத்தில் 78 வரை இறங்கியிருந்தது.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு நாக்கும் தசையும் பின்னால் சரிந்து மூச்சுப்பாதையையே அடைத்துவிடுகின்றன. மூளை பதறி ஒரு நொடி எழுப்பிவிடுகிறது. மூச்சு வந்ததும் மறுபடி தூக்கம். எழுந்தது நமக்கு நினைவே இருக்காது. ராத்திரி முழுக்க இப்படி நூற்றுக்கணக்கான தடவை எழுந்தவள்தான் காலையில் கும்பகர்ணி ஆகிறாள். இதயத்துக்கு ஏற்படும் இந்த அலைக்கழிப்புதான் ரத்த அழுத்தத்தை இறங்கவிடாமல் பிடித்து வைக்கிறது. அடிக்கடி சிறுநீர் போக எழுந்ததற்கும் அதுவே காரணமாம்.

மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் பெண்கள் குறட்டை என்று சொல்லிக்கொண்டு டாக்டரிடம் போவதில்லை. அசதி, தலைவலி, தூக்கம் சரியில்லை, மனசு சரியில்லை என்றுதான் போகிறார்கள். அதனால் நோய் பிடிபடத் தாமதமாகிறது. குண்டாக இருப்பவர்களுக்குத்தான் வரும் என்பதும் சரியில்லை. தாடை சின்னதாக இருந்தாலும் வரலாம். இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் மும்பையில் இறந்தபோது, மருத்துவர்கள் இந்த நோயைத்தான் காரணமாகச் சொன்னார்கள். அந்தச் செய்தியை நானும் அன்றைக்குப் படித்தேன். படித்துவிட்டுத் தூங்கிவிட்டேன்.

எனக்குச் சொன்ன மருந்து, காற்று. சிபேப் என்ற கருவி அறையின் காற்றையே வடிகட்டி, லேசான அழுத்தத்தில் குழாய் வழியே மூக்குக்கு அனுப்புகிறது. சரிகிற தொண்டையை அந்தக் காற்று முட்டுக்கொடுத்துத் திறந்து வைக்கிறது. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் கண்டுபிடித்து, 1981-ல் ஐந்து நோயாளிகளுக்குப் பலன் கிடைத்ததை எழுதினார். ஆரம்பத்தில் வேக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்துத்தான் காற்று ஊதினார்களாம். அதற்கு முன்பு தீவிர நோயாளிகளுக்குத் தொண்டையில் துளை போடுவதுதான் வழியாக இருந்தது. இதைக் கேட்ட பிறகு மாஸ்க் பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை.

போட்டுப் பார்க்கும்வரைதான். ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலில் முகத்தை வைத்தால் காற்று அடிக்குமே, அப்படி இருந்தது. உள்ளே இழுப்பது சுலபம். வெளியே விடத்தான் தள்ள வேண்டியிருந்தது. முதல் ராத்திரி ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. இரண்டாம் ராத்திரி தூக்கத்திலேயே கழற்றித் தலையணைக்குக் கீழே போட்டிருந்தேன்.

கருவியை முதல் மாதம் வாடகைக்குத்தான் எடுத்திருந்தோம். கொண்டுவந்து கொடுத்தவரிடம் போனில் சொன்னேன். “ராத்திரி பழகாதீங்கக்கா, பகல்ல முழிச்சிருக்கும்போது பழகுங்க” என்றார். அதுதான் எனக்குக் கைகொடுத்தது. முதல் சில நாட்கள் காற்று இல்லாமல் வெறும் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு ஒரு சீரியல் பார்த்தேன். அடுத்து காற்றோடு உட்கார்ந்தபடி. அடுத்து ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கம். அதற்கப்புறம்தான் ராத்திரி. அழுத்தம் 4-ல் ஆரம்பித்து மெதுவாக ஏறும்படி வைத்துத் தந்தார்கள். தூக்கம் வந்த பிறகுதான் முழுக் காற்றும் வரும். ஒரு ராத்திரிக்கு நான்கு மணி நேரமாவது போட வேண்டும் என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் குறைந்தபட்சக் கணக்கு. அதை எட்ட எனக்கு மூன்று வாரம் ஆனது.

எங்கள் ஊர்ப் பெண்களுக்கான சிக்கல்கள் எந்தக் குறிப்பேட்டிலும் இல்லை. முதலில் தந்தது மூக்குத் துவாரத்தில் பொருந்துகிற சின்ன மாஸ்க். உள்ளே இருக்கும் மூக்குத்தித் திருகில் உரசிப் புண்ணாகிவிட்டது. மூக்குத்தியைக் கழற்றலாமா என்று பேச்செடுத்தேன். மாமியாரின் முகம் மாறியது. பிறகு மூக்கு முழுவதையும் மூடுகிற மாஸ்க்காக மாற்றினோம். மூக்குத்தி பத்திரமாக உள்ளேயே இருக்கிறது. கொண்டை போட்டால் பின்பட்டை நிற்காது, தளர்வாகப் பின்னிக்கொள்ள வேண்டும். முகத்தில் எண்ணெயோ க்ரீமோ இருந்தால் மாஸ்க் வழுக்கிக் காற்று கசியும். ஃபேனுக்கு நேர் கீழே படுத்தால் குழாய் குளிர்ந்து உள்ளே தண்ணீர் கோர்த்து மூக்கில் தெறிக்கும். பழைய புடவையில் குழாய்க்கு ஒரு உறை தைத்தேன். ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டி, பேண்டேஜ் துணி நெய்வதற்குப் பேர் போன ஊர். ஆபீஸ் தோழி அங்கிருந்து கொண்டுவந்த துணியைக் கன்னத்தில் பட்டை அழுத்தும் இடத்தில் மடித்து வைத்தேன்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கருவி நிற்கும், விழிப்பு வந்துவிடும், கழற்றி வைத்துவிட வேண்டியதுதான். மாஸ்க்கில் காற்றோட்டத் துளைகள் உண்டு, வாயும் திறந்துதான் இருக்கிறது.

மூக்கு பழகியது. அடுத்து வீடு பழக வேண்டியிருந்தது. கொரோனா காலத்துக்குப் பிறகு மாஸ்க்கும் குழாயும் என்றாலே நம் மக்களுக்கு ஐ.சி.யூ.தான் ஞாபகம் வருகிறது. “உங்க வீட்டம்மாவுக்கு ஆக்சிஜன் வச்சிருக்காமே?” என்று என் கணவரிடம் தெருவில் துக்கம் விசாரிப்பதுபோல் கேட்டிருக்கிறார்கள். இது ஆக்சிஜன் இல்லை, வெறும் காற்று என்று அவர் எத்தனை பேருக்கு விளக்கியிருப்பாரோ!

அதற்குள் ஆடிப்பூரம் வந்துவிட்டது. தேருக்கு எங்கள் வீட்டில் இருபது பேராவது தங்குவார்கள். பெண்கள் எல்லோரும் ஹாலில் வரிசையாகப் பாய் விரித்துப் படுப்போம். பாதி ராத்திரிவரை பேச்சும் சிரிப்புமாக இருக்கும். அதற்காகவே வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நடுவே இதை மாட்டிக்கொண்டு எப்படிப் படுப்பது? நாலு நாள்தானே, பீரோவில் வைத்துவிடலாம் என்று எடுத்து மடித்தேன். மாமியார் பார்த்துவிட்டார்கள்.

“எதுக்கு உள்ள வைக்கிற? நாலு நாளைக்கு மூச்சு நிக்காதாமா?” என்றார்கள். பிளக் பாயிண்ட் பக்கத்தில் எனக்குப் பாயை விரித்ததும் அவர்கள்தான். அதற்குப் பிறகு அவர்கள் என்னைக் கும்பகர்ணி என்று சொல்லிக் கேட்கவில்லை.

மாட்டினேன். நாத்தனாரின் பேத்தி எழுந்து உட்கார்ந்து, “பாட்டிக்குத் தும்பிக்கை!” என்று கத்தினாள். ஹாலே சிரித்தது. இது என்ன, ஏன், எவ்வளவு என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கருவியில் அன்றைய எண்ணைக் காட்டினேன். 34 இருந்த இடத்தில் 3 இருந்தது. ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்திருப்பது நின்றுவிட்டதைச் சொன்னேன். ரத்த அழுத்த மாத்திரை ஒன்றை டாக்டர் குறைத்ததைச் சொன்னேன். பல வருடம் கழித்துக் கனவு வருகிறது என்பதையும் சொன்னேன். அதற்குத்தான் ரொம்பச் சிரித்தார்கள்.

விளக்கை அணைத்த பிறகு, பக்கத்துப் பாயிலிருந்து கணவரின் பெரிய அண்ணி மெதுவாக என் கையைத் தொட்டார்கள். அறுபது வயது. “எனக்கும் ராத்திரி மூச்சு முட்டித்தான் முழிப்பு வருது. உங்க அண்ணன் வேற ரூம்ல படுக்க ஆரம்பிச்சு வருஷமாச்சு. சத்தம் தாங்கலையாம். யார்கிட்டச் சொல்ல?” மாஸ்க்கைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

ஆவணியில் அவர்களும் பரிசோதனை செய்துகொண்டார்கள். எண் 41. இதயத்துக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்பதால் டாக்டர் தள்ளிப்போட வேண்டாம் என்றிருக்கிறார். அன்று சாயங்காலமே போன் வந்தது. விலையைக் கேட்பார்கள் என்று நினைத்தேன்.

“மூக்குத்தியைக் கழட்டணுமா?” என்றார்கள்.

“வேண்டாம் மதினி. நான் போட்டிருக்கிற மாஸ்க்கையே வாங்குங்க. பகல்ல பழகுங்க” என்றேன்.