மாமாவின் டிரில் பிட்டும் மார்டென்சைட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை மாமாவின் டிங்கரிங் பட்டறைக்குப் போயிருந்தேன். பக்கவாட்டில் அடி வாங்கிய ஒரு கார் நின்றது. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் இருக்கும் பில்லர் உள்பக்கமாக வளைந்திருந்தது.

"இப்ப வர்ற வண்டில ஸ்பாட் வெல்டை எடுக்கப் போனா டிரில் பிட்டே மழுங்கிப் போவுது மாப்ளே. கேஸ்ல கொஞ்சம் சூடு காட்டுனா வழிக்கு வந்துடும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன செமஸ்டரில் பரீட்சைக்காக மட்டுமே படித்த (ஹி ஹி) பாடம் அது!

பிட்டை மழுங்கடிப்பது பெரும்பாலும் போரான் ஸ்டீல். சேர்மானத்தைப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். கார்பன் 0.22%, மாங்கனீஸ் சுமார் 1.2%, போரான் 0.003% அளவு. மீதி ஏறக்குறைய எல்லாமே இரும்புதான். விஷயம் சூட்டில் இருக்கிறது. தகட்டை 900 டிகிரிக்கு மேல் காய்ச்சினால் உள்ளே முழுக்க ஆஸ்டெனைட் ஆகிவிடும், கார்பன் அதில் தாராளமாகக் கரையும். அந்தச் சூட்டோடு, உள்ளே தண்ணீர் ஓடும் அச்சில் வைத்து அழுத்துகிறார்கள். சில நொடிகளில் ஆறிப்போவதால் கார்பன் அணுக்கள் வெளியேற முடியாமல் மாட்டிக்கொள்ளும். அவற்றால் படிக அமைப்பே விறைத்துப் போகிறது. அதுதான் மார்டென்சைட். வலிமை சுமார் 1500 மெகாபாஸ்கல். சாதாரண பாடி ஷீட்டுக்கு 300 வந்தாலே பெரிது. அந்தத் துளியூண்டு போரான் என்ன செய்கிறது? ஆஸ்டெனைட் மணிகளின் ஓரங்களில் போய் உட்கார்ந்துகொண்டு, மென்மையான ஃபெர்ரைட் முளைக்காமல் தடுக்கிறது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்த ஆசாமி போரான்தான்.

மாமா கேஸ் பிடிக்கும்போது மாட்டிக்கொண்ட கார்பன் வெளியேறி கார்பைடாகிவிடும். இரும்பு சிவக்கும் வரை காட்டினால் பழைய மார்டென்சைட்டே மிஞ்சாது. பட்டறைக் காற்றில் மெல்ல ஆறும்போது அது திரும்பி வரவும் வராது. தட்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துவிட்டால் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அடுத்த முறை பக்கவாட்டில் இடித்தால்தான் தெரியும். உயர்வலிமை பில்லரைச் சூடாக்காதே, மாற்று என்று கார் கம்பெனிகளின் ரிப்பேர் கையேடுகள் சொல்வது இதனால்தான்.

எல்லாவற்றையும் சொன்னேன். முப்பது வருஷ டிங்கரிடம்!

"புது பில்லர் போட எவ்வளவு ஆவும் தெரியுமாடா? பார்ட்டி ஓடிடுவான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஏற்கனவே சூடு காட்டுன வண்டிங்க?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. கேஸ் சிலிண்டரின் வால்வை மூடிவிட்டு டீ குடிக்கப் போனார். அந்தக் காருக்கு வெள்ளிக்கிழமை டெலிவரி. நேற்று இரவு வரை மாமா ஓனருக்குப் போன் பண்ணவில்லை.