'இல்லை' என்று எழுதினேன்

வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் ஒரு சகோதரருக்காவது பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

2018-ஆம் ஆண்டு பெங்களூரிலிருந்து துபாய்க்கு எலக்ட்ரீஷியன் வேலைக்குச் சென்றேன். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே எனக்குச் சர்க்கரை நோய் இருந்தது. கம்பெனியில் மருத்துவக் காப்பீட்டுப் படிவம் கொடுத்தார்கள். 'ஏற்கெனவே நோய் உண்டா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். உண்மையைச் சொன்னால் விசா கிடைக்காது என்று ஒருவர் சொன்னதை நம்பினேன். ஊரில் வாங்கியிருந்த வட்டிக்கடன் அதற்குமேல் யோசிக்க விடவில்லை.

எட்டாம் மாதத்தில் பாதுகாப்புக் காலணி உராய்ந்து காலில் கொப்புளம் கண்டது. மருத்துவரிடம் போனால் பொய் வெளிப்பட்டுவிடும் என்று மூன்று வாரம் மறைத்தேன். அந்நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை ஆராதனையில், கர்த்தர் என்னைப் பூரண சுகத்தோடு வைத்திருக்கிறார் என்று சாட்சியும் சொன்னேன். அப்போதும் துணி சுற்றிய கால் வலித்துக்கொண்டிருந்தது.

காய்ச்சலில் விழுந்தபோது அறையிலிருந்த சகோதரர்கள் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. நோயை மறைத்ததால் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்தது. அந்தச் சகோதரர்களே தங்கள் சம்பளத்திலிருந்து சேர்த்துக் கட்டினார்கள்.

பின்புதான் விவரம் அறிந்தேன். துபாயின் அடிப்படைக் காப்பீட்டில் பழைய நோயை முன்கூட்டியே தெரிவித்தால், முதன்முறை சேருகிறவருக்கு ஆறு மாதக் காத்திருப்புதான். அதன்பின் அந்நோய்க்கும் சிகிச்சை உண்டு. நான் விழுந்ததோ எட்டாம் மாதம்! அங்கே குடியிருப்பு விசாவுக்காகச் செய்யும் பரிசோதனையும் எய்ட்ஸ், காசநோய் போன்ற தொற்றுநோய்களுக்கானதே. எதற்குப் பயந்து பொய் சொன்னேனோ, அந்தப் பயமே வீணாயிருந்தது.

ஊர் திரும்பி வாசலில் காலணியைக் கழற்றியபோது என் மனைவி கேட்டாள்: "கம்பெனியிடம் மறைத்தீர்கள், சரி. என்னிடம் ஏன் மறைத்தீர்கள்?" அதற்கு என்னிடம் பதில் இல்லை.

புறப்படுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். துபாயில் 2013-ஆம் ஆண்டின் 11-ஆம் எண் சட்டப்படி ஊழியரின் காப்பீட்டுக் கட்டணத்தை முதலாளியே கட்டவேண்டும், சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. 2025 ஜனவரி முதல் வட அமீரகங்களிலும் காப்பீடு கட்டாயமாகிவிட்டது. எந்தெந்த மருத்துவமனைகளில் அட்டை செல்லும், நம் கையிலிருந்து எவ்வளவு கட்டவேண்டும் என்பதை நோய் வருமுன் கேட்டறியுங்கள். பழைய மருந்துச் சீட்டுகளின் நகலைக் கையோடு கொண்டுபோங்கள். குடியேற்ற அனுமதி தேவைப்படும் கடவுச்சீட்டு உடையவர்களுக்கு நம் அரசின் பிரவாசி பாரதிய பீமா யோஜனா கட்டாயம். விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய் வரை அதில் கிடைக்கும். ஊரிலிருக்கும் குடும்பத்தின் மருத்துவத்துக்கு உங்கள் கம்பெனி அட்டை உதவும் என்று எண்ணிவிடாதீர்கள். அவர்களுக்குத் தனியாக ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள்.

காப்பீடு எடுப்பது விசுவாசக் குறைவு என்று நினைப்பவர்கள் நம்மிடையே உண்டு. என் குறைவு காப்பீடு எடுத்ததில் இல்லை. அந்தப் படிவத்தில் எழுதிய ஒரு சொல்லில் இருந்தது. துபாயை விட்டுப் புறப்படுமுன் அதே சபையில் மறுபடியும் எழுந்து நின்று, முன்பு சொன்ன சாட்சி பொய் என்று அறிக்கையிட்டேன். எனக்காகப் பணம் சேர்த்தவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அன்றிரவுதான் பல மாதங்களுக்குப் பின் நிம்மதியாக உறங்கினேன்.