நீமோவுக்கு எத்தனை அடி வீடு?

உங்க ரூம்ல ஒரு குட்டிக் கடல் வைக்கணும்னு ஆசையா? ஆரஞ்சு உடம்புல வெள்ளைப் பட்டை போட்ட க்ளவுன் மீன் ரெண்டு, பரீட்சைக்குப் படிக்கிற நேரத்துல நம்மளையே வேடிக்கை பார்த்துக்கிட்டு... 2003-ல வந்த ‘ஃபைண்டிங் நீமோ’ படம் பார்த்த பாதிப் பேருக்கு இந்த ஆசை இருக்கும். எனக்கும் வந்தது. அந்த ஆசையில ரெண்டு நீமோவைக் கொன்ன பாவி நான். அதனால, கடைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி கொஞ்சம் உட்காருங்க.

சென்னையில கலர் மீன்னாலே கொளத்தூர்தான். அங்கே ஒரு கடையில, “முதல் தடவைதானே தம்பி? சின்னதா ஆரம்பிங்க. நல்லா வந்தா அப்புறம் பெருசா மாத்திக்கலாம்”னு சொன்னாங்க. கேக்கறதுக்கு எவ்வளவு நியாயமா இருக்கு! சைக்கிள் பழகிட்டு பைக் வாங்கற மாதிரி. ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரத்துல ஒரு தொட்டி வாங்கினேன். கணக்குப்படி 42 லிட்டர். மணல், கல் எல்லாம் போட்டு, மேல கொஞ்சம் இடமும் விட்டா உள்ளே நிஜமா இருக்கறது 30 லிட்டர்தான்.

உப்புத் தண்ணித் தொட்டியில இந்த சைக்கிள்-பைக் லாஜிக் அப்படியே தலைகீழ். சின்னத் தொட்டிதான் பைக், பெரிய தொட்டிதான் சைக்கிள். எனக்கு இது புரிய ஒரு சித்திரை மாசம் ஆச்சு.

தமிழ்ப் புத்தாண்டு லீவுக்கு நாலு நாள் ஊருக்குப் போயிருந்தேன். வெயிலுக்குத் தண்ணி சூடாகக் கூடாதேன்னு தொட்டி மேல ஒரு சின்ன ஃபேன் ஓட விட்டிருந்தேன். சாப்பாடு போடறது ரூம்மேட் பொறுப்பு. திரும்பி வந்து பார்த்தா தண்ணி ரெண்டு விரல் இறங்கியிருக்கு. உடனே அறிவாளித்தனமா உப்பு கரைச்ச தண்ணியை ஊத்தி ரொப்பினேன். தூத்துக்குடி உப்பளத்தை ஒரு தடவை பஸ் ஜன்னல்ல பார்த்தவன்கூட இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். பறந்தது வெறும் தண்ணி பாஸ்! உப்பு அங்கேயேதான் இருந்தது. நான் ஊத்தியிருக்க வேண்டியது நல்ல தண்ணி.

ரெண்டு மீன்ல ஒண்ணு கண்ணுல படலை. “ஒளிஞ்சு விளையாடுதுடா, நேத்திலேர்ந்து அப்படித்தான்”னான் ரூம்மேட். கல்லுக்குப் பின்னாடி செத்து ஊறிப் போயிருந்தது. பாசத்துல அவன் அள்ளிப் போட்ட தீனியும் மணல்ல அழுகிக் கிடந்தது. செத்த மீனும் அழுகின தீனியும் அம்மோனியாவா மாறும். மீனுக்கு அது விஷம். மிச்சமிருந்த ஒத்தை மீன் தண்ணி மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடுச்சு. விடியறதுக்குள்ள அதுவும் போச்சு.

அப்புறம்தான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன். (வாங்கறதுக்கு முன்னாடி எடுத்திருக்கணும்!) கடல் தண்ணியில லிட்டருக்கு 35 கிராம் உப்பு. என் 30 லிட்டர்ல 4 லிட்டர் பறந்துட்டா, மிச்சத் தண்ணியில அது 40 கிராமைத் தாண்டிடுது. சரி, மூணு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம்னு தொட்டி வச்சிருந்தா? கணக்குப்படி 190 லிட்டர், நிஜத்துல 150 லிட்டர் தண்ணி. மேல்பரப்பு மூணு மடங்கு, அதனால பறக்கறதும் மூணு மடங்கு, 12 லிட்டர். ஆனா உப்பு 38 கிராமோட நின்னுடும். அதுவும் தப்புதான், ஆனா உடனே கவனிச்சா சரி பண்ணிக்கற அளவுதான். அம்மோனியா விஷயத்துல வித்தியாசம் இன்னும் பெருசு. அதே ஒரு செத்த மீன், அதே அழுகின தீனி, கரையறதுக்கு அஞ்சு மடங்கு தண்ணி. நாம தப்பு பண்ணப் போறது நிச்சயம். அதைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் மீன் உயிரோட இருக்குமாங்கறதைத்தான் தொட்டி சைஸ் முடிவு பண்ணுது.

“அப்போ நாலு அடிக்கு ரெண்டு அடிக்கு ரெண்டு அடின்னு இன்னும் பெருசாவே வாங்கிடலாமே?” வாங்கலாம், வீடு சொந்த வீடா இருந்தா! அது 450 லிட்டர். தண்ணி மட்டுமே கிட்டத்தட்ட அரை டன். மூணு அடித் தொட்டியே தண்ணி, கண்ணாடி, கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தா 250 கிலோவைத் தாண்டும். நாலு பேர் ஒரே இடத்துல ராத்திரி பகலா நிக்கற மாதிரி. சுவர் ஓரமா வைங்க, ரூம் நடுவுல வேண்டாம். வீட்டு ஓனர்கிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க. எங்க ஓனர் அங்கிள், “மீன் வளர்க்கறியா, கடலையே வளர்க்கறியா?”ன்னு கேட்டுட்டு, தரையைக் காலால ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துட்டுதான் சரின்னார்.

எடையை விடுங்க, தண்ணிக்கு எங்கே போறது? குழாய்த் தண்ணியில குளோரின். போர் தண்ணியில வேற உப்புகள். நமக்கு இருக்கறது கேன் தண்ணிதான். வாரத்துக்குப் பத்துல ஒரு பங்கு தண்ணியை மாத்தணும்னு வைங்க. மூணு அடித் தொட்டிக்கு 15 லிட்டர், அதாவது ஒரு கேனுக்குள்ள முடிஞ்சுடும். மீன் தொட்டிக்குன்னே விக்கிற கடல் உப்பு அரை கிலோ போதும். நாலு அடித் தொட்டிக்கு வாரம் ரெண்டு கேன், ஒன்றரை கிலோகிட்ட உப்பு. மாடிப்படியில கேன் தூக்கிப் பாருங்க, கணக்கு தானா மண்டையில ஏறும். (பீச்சுல போய் மொண்டுட்டு வந்துடலாமேன்னு கேக்கறவங்களுக்கு: கூவமும் அடையாறும் எங்கே கலக்குதுன்னு ஞாபகம் இருக்கா?)

அழகா இருக்குன்னு நெட்டையா, ரெண்டு அடி உயரத்துக்கு வாங்கிடாதீங்க. அடி மணலைச் சுத்தம் பண்ண அக்குள் வரைக்கும் நனையணும். மீனுக்கு நீந்த நீளம் வேணும், காத்து தண்ணியில கலக்க மேல்பரப்பு வேணும். உயரம் நம்ம கண்ணுக்கு மட்டும்தான்.

எந்த மீனுங்கறதும் இந்த அளவுலேயே அடங்கணும். என் நண்பன் ‘டோரி’ வேணும்னு அடம் பிடிச்சான். அந்த நீல மீன் வளர்ந்தா 30 சென்டிமீட்டர். ஆறு அடித் தொட்டி கேக்கும். மூணு அடிக்கு ஒரு ஜோடி க்ளவுன், ஒரு கோபி, ஒரு இறால், அவ்வளவுதான். மண்டபத்துல இருக்கற மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில இருக்கற அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் க்ளவுன் மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வச்சிருக்காங்க. அதனால கடையில, “கடல்ல பிடிச்சதா, பண்ணையில பொரிச்சதா அண்ணே?”ன்னு தைரியமா கேளுங்க. கடல்ல எடுத்த பவளக் கல், கடற்குதிரை காட்டினா கையெடுத்துக் கும்பிட்டு வந்துடுங்க. 2001-லயே அதையெல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் பட்டியல்ல சேர்த்துட்டாங்க, பிடிச்சா ஜெயில். வெளிநாட்டு வீடியோவுல அவங்க பவளக் கல்லை அடுக்கி, அதுல வாழற பாக்டீரியாவை வச்சே தண்ணியைச் சுத்தம் பண்ணுவாங்க. நமக்கு அது இல்லாததால, ஃபில்டர்ல பீங்கான் வளையம் நிறைய போட்டு அந்த பாக்டீரியாவை நாமளே வளர்க்கணும். தண்ணி கொஞ்சம் அதிகமா வேணுங்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

பாக்டீரியா வளர நாலுலேர்ந்து ஆறு வாரம் ஆகும். அதுவரைக்கும் தொட்டியில மீன் கிடையாது. நான் ஒரே ஒரு பச்சை இறால் துண்டைப் போட்டேன். அது அழுகி அம்மோனியா ஆகி, பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கி, அப்புறம் நைட்ரேட் ஆக்கி... டெஸ்ட் கிட்ல கலர் மாறறதைப் பார்க்கறதுதான் பொழுதுபோக்கு. ஊர்லேர்ந்து வந்த அம்மா ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்துட்டு, “ஏன்டா, வெறும் தண்ணிக்கா இவ்வளவு கரண்ட்டு?”ன்னாங்க.

நேத்து ராத்திரி அம்மோனியா சைபர், நைட்ரைட்டும் சைபர். ஞாயித்துக்கிழமை காலையில கொளத்தூர் போறேன், ஒரு ஜோடி மட்டும். கேன் போடற அண்ணன்கிட்ட இந்த வாரம் ஒண்ணு சேர்த்துப் போடச் சொல்லியாச்சு. ரூம்மேட் பேர்ல தீனி டப்பாவுக்கு ஒரு பூட்டும் வாங்கியாச்சு.