ஜெராக்ஸ் கடைத் தம்பி



பேத்தியின் கல்விக் கடனுக்குக் கையெழுத்துப் போட வங்கிக்குப் போயிருந்தேன். மேலாளர் என் சிபில் அறிக்கையைப் பார்த்துவிட்டு, "சார், போன் ஆப்ல வாங்கின 48,000 ரூபாய் கடன் கட்டாம இருக்கே?" என்றார். 34 வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான், கைமாற்றுக்கூட வாங்கியதில்லை. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தபோது கூசிப்போனேன்.

யாரோ என் பான் கார்டை வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார்கள். உடனே மனம் போனது நம் தெரு ஜெராக்ஸ் கடைக்கு. கடைக்காரர் என் பழைய மாணவர். வாய்விட்டு ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன்.

கடன் கொடுத்த நிறுவனம், "முதலில் கட்டுங்கள், பிறகு விசாரிக்கிறோம்" என்றது. கட்டினால் நானே வாங்கியது போலாகிவிடுமே! 1930-இல் புகார் பதிந்தேன். அந்த எண்ணைக் குறிப்பிட்டு சிபிலுக்கும் நிறுவனத்துக்கும் எழுதினேன். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 நாளில் தீர்க்க வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அதையும் எழுதினேன்.

கடன் விண்ணப்பத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். போன் நம்பர் என்னுடையதல்ல. பான் நகலில் மட்டும் என் கையெழுத்து, கீழே தேதி. அன்று பொருட்காட்சியில் கிரெடிட் கார்டு தருவதாகச் சொன்ன ஒருவரிடம் நானே நீட்டிய நகல் அது! கார்டு வரவில்லை, நானும் மறந்துவிட்டேன்.

26-ஆம் நாள் அந்தப் பதிவு நீங்கியது. அன்றைக்கே ஜெராக்ஸ் கடைக்குப் போய், "தம்பி, உன்னைச் சந்தேகப்பட்டுட்டேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நகல்ல குறுக்கே எதுக்குன்னு எழுதிக் கொடுங்க சார். வேற வேலைக்கு ஆகாது" என்று பேனாவை நீட்டினார்.

இடையில் ஒருவர் 'அடையாளத் திருட்டுப் பாதுகாப்பு' என்று வருடச் சந்தா கேட்டுப் போன் செய்தார். விசாரித்ததில், பெரும்பாலும் தகவல் சொல்லும் வேலைதான். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்கிலும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கை இலவசம். உங்கள் அறிக்கையை யாராவது எடுத்துப் பார்த்தால் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வர வேண்டும். சரியான போன் நம்பர் அங்கே பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டுப் பெரியவர்களுக்கும் எடுத்துக் கொடுங்கள். அறிக்கையில் தவறு இருந்தால் வெட்கப்படாதீர்கள், எழுதிக் கேளுங்கள். ஆனால் ஆதாரம் இல்லாமல் யாரையும் என்னைப்போலச் சந்தேகப்பட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்