எக்ஸ்பைரி தேதி எங்கே, ஸார்?

ரொட்டி பாக்கெட்டில் போட்டிருக்கிறான். இருமல் மருந்து பாட்டிலில் போட்டிருக்கிறான். ஐந்து ரூபாய் பிஸ்கட்டில்கூட, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால், 'இத்தனை மாதத்துக்குள் தின்று தீர்' என்று எழுதியிருக்கிறது. பதினைந்து, இருபதாயிரம் கொடுத்து வாங்குகிற ஸ்மார்ட்போன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். எம்.ஆர்.பி. இருக்கும். தயாரித்த மாதம் இருக்கும். கஸ்டமர் கேர் நம்பர் இருக்கும். எப்போது காலாவதி என்பது மட்டும் இருக்காது.

போனுக்கு ஏது ஸார் எக்ஸ்பைரி என்கிறீர்களா? உண்டு. 'இனிமேல் இந்த மாடலுக்கு செக்யூரிட்டி அப்டேட் கிடையாது' என்று கம்பெனிக்காரன் கை கழுவுகிறானே, அந்த நாள்தான். அன்றைக்கே போன் நின்றுவிடாது. பாட்டுப் பாடும், படம் எடுக்கும், அத்தை அனுப்பும் 'குட்மார்னிங்' ரோஜாப்பூவையும் வாங்கி வைத்துக்கொள்ளும். ஆனால் கொஞ்ச நாளில் ஒவ்வொரு ஆப்பாக, 'நமக்குள் ஒத்துவராது' என்று கழன்றுகொள்ளும். வாட்ஸ்அப் 2023 அக்டோபரில் ஆண்ட்ராய்டு 5-க்கு முந்தைய போன்களை எல்லாம் கைவிட்டது. பாங்க் ஆப்கள் இன்னும் சீக்கிரம் கோபித்துக்கொள்ளும். பணம் புழங்குகிற இடமாயிற்றே!

பழைய நோக்கியா 1100 ஞாபகம் இருக்கிறதா? 2003-ல் வந்தது. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. அதற்கு எக்ஸ்பைரியே கிடையாது. பேசும், எஸ்.எம்.எஸ். அனுப்பும், கரண்ட் போனால் டார்ச் அடிக்கும். பேட்டரி போய்விட்டதா, முதுகைத் திறந்து புதுசை நாமே போட்டுக்கொள்ளலாம். அப்டேட் செய்ய அதில் ஒன்றுமே இல்லை. அதனால் காலாவதி ஆகவும் ஒன்றுமில்லை.

எங்கள் வீட்டில் இந்த எக்ஸ்பைரி சமாசாரம் அப்பாவின் உயிர்ப் பிரச்னையாகவே ஆகிவிட்டது. மிகையில்லை, கேளுங்கள்.

அப்பா தபால் இலாகாவில் ரிடையர் ஆனவர். எழுபத்திரண்டு வயது. அம்மாவோடு ஊரில் இருக்கிறார். மத்திய அரசு பென்ஷன்காரர்கள் ஒவ்வொரு நவம்பரிலும் 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று சான்று கொடுக்க வேண்டும். 2021 நவம்பரிலிருந்து இதற்கு ஒரு நல்ல வழி வந்திருக்கிறது. கைரேகை மெஷினெல்லாம் வேண்டாம். போனில் ஜீவன் பிரமாண் ஆப்பைப் போட்டு, கேமராவுக்கு முகத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டினால் போதும். வேலை முடிந்தது. ஆனால் ஒன்று... அந்த ஆப் போனில் ஏற வேண்டும். ரெண்டு வருஷம் முன்னால் நவம்பரில் அப்பாவிடமிருந்து போன்:

"டேய், நான் இருக்கேனா இல்லையான்னு கவர்மெண்டுக்கு சந்தேகம். இருக்கேன்னு சொல்ல இந்த போனுக்கு இஷ்டமில்லே!"

"இன்னொரு தடவை டிரை பண்ணிப் பாருங்கப்பா."

"மூணு தடவை பண்ணிட்டேன். 'உங்கள் சாதனத்துக்குப் பொருந்தாது'ங்கறான்."

"அம்மா போன்ல..."

"அதுல கேமராவே இல்லைடா. அது உங்கம்மா மாதிரி. பேச மட்டும்தான் தெரியும்."

கடைசியில் ஆட்டோ வைத்துக்கொண்டு பாங்குக்குப் போய், வரிசையில் நின்று, நேரில் முகத்தைக் காட்டிவிட்டு வந்தார். போக வர 160 ரூபாய். அதை ராத்திரி என்னிடம் இரண்டு தரம் சொன்னார்.

அந்தப் போன் என்னிடமிருந்து போனதுதான். எங்கள் வீட்டு சம்பிரதாயம் அப்படி. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். நான் புதுசு வாங்கினால் என் பழசு மனைவிக்கு. அவளுடைய பழசு ஊருக்கு. அந்தக் காலத்தில் அண்ணன் சட்டை தம்பிக்கு வரும், அக்கா பாவாடை தங்கைக்கு வரும். எல்லாமே மேலிருந்து கீழே. செல்போன் ஒன்றுதான் சின்னவர்களிடமிருந்து பெரியவர்களுக்கு ஏறுகிறது.

என் போனை மாற்றலாம் என்று நான் கிளம்பியபோது இந்த ஆட்டோ விவகாரம் மண்டையில் இருந்தது. பட்ஜெட் இருபதாயிரம். விஷயம் வெளியே தெரிந்ததுதான் தாமதம், ஆளாளுக்கு ஆலோசனை.

மச்சினன் முதலில் வந்தான்.

"மாமா, வாங்கினா ஐபோன். செகண்ட்ஸ்ல இருபத்தாறாயிரத்துக்கு ஒண்ணு இருக்கு. நாலு வருஷம் ஓடினது. கெத்தே தனி!"

"பட்ஜெட் இருபதுடா."

"ஆறாயிரத்துக்குப் பார்த்தா கெத்து வருமா மாமா?"

இன்னொரு பக்கம் தி.நகர் கடையில் ஒரு பையன். கம்பெனி பெயர் போட்ட டீ ஷர்ட். நான் வாயைத் திறப்பதற்குள் ஆரம்பித்துவிட்டான். "ஸார், ஃபிப்டி மெகாபிக்ஸல், அரை மணியில ஃபுல் சார்ஜ், பேக்ல பாருங்க, மார்பிள் ஃபினிஷ்! பதினஞ்சாயிரத்து ஐந்நூறு. இன்னிக்கு மட்டும்தான் ஸார் இந்த ரேட்." அடுத்த வாரம் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோதும் அது 'இன்னிக்கு மட்டும்'தான்.

மெகாபிக்ஸலைப் பற்றி ஒரு வார்த்தை. ஐம்பது மெகாபிக்ஸல் கேமரா சாதாரணமாகப் படம் எடுக்கும்போது நாலு நாலு புள்ளியாகச் சேர்த்து ஒரே புள்ளியாக்கிவிடுகிறது. கையில் கிடைக்கும் படம் பன்னிரண்டரை மெகாபிக்ஸல்தான். இருநூறு என்று போட்டிருப்பது பதினாறு பதினாறாகச் சேர்க்கிறது. அங்கேயும் கணக்குப் போட்டால் பன்னிரண்டரைதான்! வெளிச்சம் குறைந்த இடத்தில் படம் தெளிவாக வரத்தான் இந்த ஏற்பாடு, குற்றமில்லை. ஆனால் நம்பரைப் பார்த்து மயங்க வேண்டாம். எடுத்த படத்தை நாம் வாட்ஸ்அப்பில் அனுப்பப் போகிறோம். அவன் அதை இன்னும் சுருக்கிவிட்டுத்தான் அந்தப் பக்கம் கொடுப்பான்.

"தம்பி, இதுக்கு எத்தனை வருஷம் செக்யூரிட்டி அப்டேட்?" என்று கேட்டேன்.

பையன் முகத்தில் மார்பிள் ஃபினிஷ். "ஒன் இயர் வாரண்டி ஸார்" என்றான்.

வாரண்டி வேறு, அப்டேட் வேறு. கடையில் இதற்குப் பதில் கிடைக்காது என்று புரிந்தது. கம்பெனிகளின் வெப்சைட்டில் உட்கார்ந்து தேடினால் கிடைக்கிறது. கூகுள் 2023 அக்டோபரில் பிக்ஸல் 8-க்கு ஏழு வருஷம் என்றது. சாம்சங் 2024 ஜனவரியில் எஸ்24-க்கு ஏழு என்றது. இதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகள், நமக்கு எட்டாது. ஆனால் 2024 அக்டோபரில் இருபதாயிரத்துக்குள் வந்த ஏ16 5ஜி-க்கு ஆறு வருஷம் என்று அறிவித்தார்கள். அதுதான் நம் வயிற்றில் பால் வார்த்த செய்தி. ஆப்பிள் முன்கூட்டி அடித்துச் சொல்லும் வழக்கமில்லை. நடந்ததை வைத்துப் பார்த்தால், 2018-ல் வந்த ஐபோன் எக்ஸ்.ஆருக்கு 2024-ல் வந்த ஐ.ஓ.எஸ். 18 வரை கிடைத்தது. 2025-ல் வந்த ஐ.ஓ.எஸ். 26 கிடைக்கவில்லை. ஏழு வருஷம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு சூட்சுமம். ஏழு, ஆறு என்பதெல்லாம் மாடல் வெளிவந்த நாளிலிருந்து. நீங்கள் பில் போட்ட நாளிலிருந்து அல்ல! ஒன்றரை வருஷப் பழைய மாடலைத் தீபாவளி ஆஃபரில் மூவாயிரம் குறைத்துத் தருகிறான் என்றால், ஒன்றரை வருஷ ஆயுளையும் அவனே குறைத்துக்கொண்டுதான் தருகிறான்.

பி.காம். படித்தபோது தேய்மானம் என்று ஒரு பாடம். நேர்கோட்டு முறை: பொருளின் விலையை ஆயுளால் வகு. மூன்று வருஷம் காலேஜுக்குப் போனதற்கு இந்த ஒரு நாள் பலன் கிடைத்தது. பேப்பரை எடுத்துப் போட்டேன்.

மச்சினனின் ஐபோன்: 26,000. ஏழில் நாலு போய்விட்டது, மிச்சம் மூன்று. வருஷத்துக்கு சுமார் 8,670. பேட்டரி மாற்றுகிற செலவு தனி. கெத்து மட்டும் இலவசம்.

மார்பிள் பையனின் போன்: 15,500. மொத்த செக்யூரிட்டி அப்டேட்டே மூன்று வருஷம். மாடல் வெளிவந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. மிச்சம் இரண்டு. வருஷத்துக்கு 7,750.

மூன்றாவதாக ஒன்று, ஆறு வருஷ ரகம். பெயரைச் சொன்னால் விளம்பரம் ஆகிவிடும். 19,000. டப்பாவில் சார்ஜர் இல்லை, அது ஒரு எரிச்சல். ஆயிரம் ரூபாய்க்கு அதையும் வாங்கிச் சேர்த்தால் 20,000. வெளிவந்து ஆறு மாசம், மிச்சம் ஐந்தரை வருஷம். வருஷத்துக்கு சுமார் 3,640.

மூன்றில் விலை குறைச்சலானது எது? கடையில் கேட்டால் இரண்டாவது. என் பேப்பரில் மூன்றாவது, அதுவும் பாதிக்குப் பாதி!

"நோ காஸ்ட் ஈ.எம்.ஐ. போட்டுடலாம் ஸார்" என்றான் பையன். மாதச் சம்பளக்காரர்கள் இங்கே கொஞ்சம் கவனிக்கவும். பாங்க் வட்டி போடத்தான் போடுகிறது. அந்த வட்டித் தொகையைக் கடைக்காரன் முதலிலேயே விலையில் தள்ளுபடியாகக் காட்டுகிறான். வட்டி 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதன் மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி. 144 ரூபாய் உங்கள் தலையில். பிராஸஸிங் ஃபீஸ் இன்னொரு பக்கம். ரொக்கமாகக் கொடுத்தால் குறைப்பானே, அந்தத் தள்ளுபடியும் போச்சு. வட்டி பூஜ்யம் என்று ஒரு சங்கதியே கிடையாது என்கிற ரீதியில் ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே பாங்குகளுக்கு சர்க்குலர் விட்டிருக்கிறது. இந்த மாதம் செக் வருமா, அடுத்த மாதம் வருமா என்று எழுதிப் பிழைக்கிற என் போன்ற ஆசாமிக்கு ஈ.எம்.ஐ. என்றாலே அடிவயிறு கலங்கும். ரொக்கம்தான் கொடுத்தேன்.

செகண்ட்ஸ்தான் வாங்குவேன் என்பவர்களுக்கு ஒரு உபகாரம். போனில் ஸ்டார், ஹாஷ், 06, ஹாஷ் அழுத்தினால் பதினைந்து இலக்க ஐ.எம்.ஈ.ஐ. நம்பர் வரும். கே.ஒய்.எம். என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, அந்த நம்பரைப் போட்டு 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டதா என்று பதில் வரும். பணம் கொடுப்பதற்கு முன் அனுப்ப வேண்டும்.

இவ்வளவு கணக்கும் போட்டு முடித்தபின் பேப்பரை என் மனைவி பார்த்தாள். "ஏங்க, உங்க இப்போதைய போனுக்கு எத்தனை வருஷம் இருக்கு?"

செட்டிங்ஸில் 'அபௌட் போன்' போய்ப் பார்த்தேன். செக்யூரிட்டி அப்டேட் தேதி போன மாதத்தைக் காட்டியது. இன்னும் ஒன்றரை வருஷம் வரும்.

"அப்போ சம்பிரதாயப்படி என் போன் மாமாவுக்குப் போகும். இதுக்கு அப்டேட் நின்னு எட்டு மாசம் ஆச்சு. மறுபடி ஆட்டோவா?"

நான் இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் போன் மாற்றுகிற ஜாதி. அப்பா, அது தானாக உயிரை விடும் வரை வைத்திருக்கிற ஜாதி. பென்ஷன் பணமும் அந்த போனில்தான். ஓ.டி.பி. கேட்டு ஏமாற்றுகிறவனுக்கு புது போன், பழைய போன் பேதமில்லை, அதற்கு அப்டேட் உதவாது. ஆனால் கல்யாணப் பத்திரிகை என்று சொல்லி ஏதோ ஒரு ஆப்பைத் தள்ளிவிடுகிறானே, அப்படிப்பட்டவனுக்குக் காலாவதியான போன் திறந்த வீடு. ஐந்தரை வருஷ போன் யாருக்குத் தேவை என்பதற்குப் பேப்பரே வேண்டியதில்லை.

என் போனுக்கு சர்வீஸ் சென்டரில் புது பேட்டரி போட்டேன். இரண்டாயிரத்துச் சொச்சம். புதுசு மாதிரி ஓடுகிறது. புது போனோடு ஊருக்குப் போனேன்.

"எனக்கு எதுக்குடா புதுசு? நீ வெச்சுக்கோ. நாலு பேரைப் பார்க்கறவன்."

"உங்களை கவர்மெண்ட் பார்க்கணுமேப்பா!"

அரை மனதாக வாங்கிக்கொண்டார். எழுத்தைப் பெரிசாக்கிக் கொடுத்தேன். பாங்க் ஆப்பை மாற்றினேன். பழைய போனை முழுக்க அழித்தேன். இரண்டு மணி நேரம் பிடித்தது.

போன நவம்பரில் முதல் தேதியே ஆப்பைத் திறந்து, கண்ணைச் சிமிட்டி, ஐந்து நிமிஷத்தில் உயிரோடு இருப்பதை நிரூபித்துவிட்டார். அதோடு விட்டாரா? தெருவிலிருக்கும் இரண்டு ரிடையர்டு சகாக்களையும் கூப்பிட்டு, அதே போனில், அதே திண்ணையில் உட்காரவைத்து, அவர்களையும் சிமிட்டவைத்திருக்கிறார். 160 ரூபாய் வீதம் மூன்று பேருக்கு மிச்சமான கணக்கைப் போனில் எனக்குச் சொன்னார். பின்னணியில் அம்மாவின் குரல்:

"மூணு பேருக்கு உசுரு இருக்குன்னு காட்ட, இங்கே எனக்கு ஆறு காபி!"