ஒரு மணி நேரம்

நம் தமிழ் வகுப்பிலிருந்து ஆண்டுதோறும் ஒன்றிரண்டு மாணவர்களேனும் விமானப்படைத் தேர்வுக்குச் செல்கின்றனர். தாம்பரம் போய்த் திரும்புவோர் முகத்தைக் கண்டாலே முடிவு தெரிந்துவிடும். வாடி வந்தவர்களிடம் கலாம் கதையைச் சொல்வது நம் வழக்கம். டேராடூன் தேர்வில் 25 பேரில் ஒன்பதாமவராக வந்து, எட்டுப் பேரையே எடுத்தமையால் விமானியாகும் வாய்ப்பை இழந்தவர். 2006இல் குடியரசுத் தலைவராகச் சுகோய்-30இல் ஏறிப் பறந்தவர். ஆறுதலுக்கு உகந்த கதைதான். எனினும், தேர்வானவனுக்கு அப்புறம் என்ன நேர்கிறது என்பதை அது சொல்வதில்லை. அதைத் தேடியபோதுதான் அர்ஜன் சிங்கின் வாழ்க்கை நம் கவனத்துக்கு வந்தது.

1919இல் லயல்பூரில் பிறந்தவர் அவர். அவ்வூர் இன்று பாகிஸ்தானின் ஃபைசலாபாத். 1938இல் கல்லூரிப் படிப்பை இடையில் விட்டு, இங்கிலாந்தின் கிரான்வெல் பயிற்சிக் கல்லூரிக்குச் சென்றார். 1944இல் இம்பால் போர்முனையில் முதலாம் ஸ்குவாட்ரனுக்குத் தலைமை தாங்கினார். மவுண்ட்பேட்டன் களத்துக்கே வந்து டி.எஃப்.சி. பதக்கத்தை அணிவித்தார். அப்போது அவருக்கு வயது 25. 1947 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டைக்கு மேலே நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களின் அணிவகுப்பை முன்னின்று நடத்தினார். பிறந்த மண் அயல்நாடாகிப் போன அதே நாட்களில் விடுதலையை வானிலிருந்து கொண்டாடிய மனிதரின் நெஞ்சுக்குள் என்ன இருந்திருக்கும்? இவ்விடத்தில் வரலாற்று நூல்கள் நம்மை வெறுங்கையோடு அனுப்பிவிடுகின்றன.

1964இல் விமானப்படைத் தலைவரானபோது அவருக்கு வயது 45. நமக்கும் ஏறத்தாழ அதே வயதுதான் (விடைத்தாள் கட்டுகளுக்கு மட்டுமே தலைமை வகிக்கும் வயது!). மறு ஆண்டு செப்டம்பர் 1 அன்று அக்னூரை நோக்கிப் பாகிஸ்தானின் டாங்கிகள் முன்னேறின. பாதுகாப்பு அமைச்சர் சவாண், விமானப்படை எவ்வளவு நேரத்தில் களமிறங்க இயலும் எனக் கேட்டார். ஒரு மணி நேரம் என்பதே அர்ஜன் சிங்கின் விடை. அவ்வாறே பதான்கோட்டிலிருந்து விமானங்கள் கிளம்பின.

இந்த விடையைப் பாராட்டி எழுதாதவர் இல்லை. அந்த மாலையில் நான்கு வாம்பயர் விமானங்கள் வீழ்த்தப்பட்டதை அந்தப் பாராட்டுரைகள் பெரும்பாலும் ஓரிரு சொற்களில் கடந்துவிடுகின்றன. வாம்பயர் 1948இல் நம் படைக்கு வந்த முதல் ஜெட் வகை. 1965இல் எதிரியின் சேபர் விமானங்களுக்கு ஈடு கொடுக்க இயலாத பழைய விமானம். அது தலைவருக்குத் தெரியாததன்று. பொழுது சாயுமுன் டாங்கிகளைத் தடுத்தாக வேண்டும். கைக்கெட்டிய தொலைவில் இருந்தவை அவையே. இருபத்தைந்தில் தம் உயிரைப் பணயம் வைத்தவர், நாற்பத்தாறில் பிறர் உயிர்களைப் பணயம் வைக்க நேர்ந்தது. பதவி உயர்வு என்று நாம் எளிதாகச் சொல்வதன் பொருள் இதுதான் போலும். முன்னதைவிடப் பின்னதற்கே கூடுதல் துணிவு வேண்டும் என்பது நம் கருத்து, அன்பர்கள் மாறுபடலாம்.

நெடுநல்வாடை நடத்தும்போதெல்லாம் இந்த மாலை நம் நினைவுக்கு வருகிறது. நக்கீரர் தம் பாண்டியனைப் போர்க்களத்தில் வாள் வீசுபவனாகக் காட்டவில்லை. வாடைக் குளிரில், நள்ளிரவில், உறங்காமல் பாசறையில் நடந்து, புண்பட்ட வீரர்களை ஒவ்வொருவராகக் கண்டு செல்பவனாகவே காட்டுகிறார். அரண்மனையில் அரசி படும் துயரை விரிவாக எழுதியவர், மன்னன் நெஞ்சுக்குள் புகவே இல்லை. மாணவர்கள் இதைக் குறையாகச் சொல்வதுண்டு. நமக்கோ அதுவே பாட்டின் உயிர்நிலை என்று தோன்றுகிறது.

தலைவரான பின்னும் அர்ஜன் சிங் விமானம் ஓட்டுவதை விடவில்லை. பணிக்காலத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட வகை விமானங்களை ஓட்டியிருக்கிறார். 1969இல் ஐம்பது வயதில் ஓய்வு. பின்னர் சுவிட்சர்லாந்தில் தூதர், கென்யாவில் ஹைகமிஷனர், தில்லியில் துணைநிலை ஆளுநர். 2002இல் ‘மார்ஷல்’ தகுதி வழங்கப்பெற்றார். இந்திய விமானப்படையில் வேறெவரும் அத்தகுதியைப் பெற்றதில்லை.

2015 ஜூலையில் கலாமின் உடல் தில்லி பாலம் விமான நிலையத்துக்கு வந்தபோது, 96 வயதில் சக்கர நாற்காலியில் வந்திருந்தார். எழுந்து நின்று வணங்கினார். விமானப்படை எடுத்துக்கொண்டவர், எடுக்காமல் விட்டவருக்குச் செலுத்திய சல்யூட் அது. 2017 செப்டம்பரில் அவரும் மறைந்தார். தில்லிக்கு அருகிலிருந்த தம் பண்ணை நிலத்தை விற்று, இரண்டு கோடி ரூபாயை, ஓய்வுபெற்ற விமானப்படையினர் நலனுக்கென ஓர் அறக்கட்டளைக்கு அவர் எப்போதோ கொடுத்துவிட்டிருந்தார்.