போதும் என்பது எத்தனை லிட்டர்?

மொழிபெயர்ப்பில் என்னை அதிகம் அலைக்கழித்தவை குட்டிச் சொற்கள்தான். அவற்றில் ஒன்று 'ஃபஸி'. அகராதியைப் புரட்டினால் 'மங்கலான', 'தெளிவற்ற', 'குழப்பமான' என்று அந்தச் சொல்லை ஏசிவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஆனால் 1965-ல் அதைக் கணிதத்துக்குள் கொண்டுவந்த லாட்ஃபி ஸாதே குழம்பியவர் அல்ல. பாகூவில் பிறந்து, கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அவர் கேட்டது எளிமையான கேள்வி. 'உயரமானவர்கள்' என்று ஒரு பட்டியல் போட்டால் ஐந்தடி எட்டு அங்குலக்காரர் அதில் உண்டா, இல்லையா? பழைய கணிதத்தில் இரண்டே பதில்கள். ஸாதே, 'முக்கால்வாசி உண்டு' என்று சொல்ல இடம் கொடுத்தார். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே எத்தனை படிகள் வேண்டுமானாலும் இருக்கலாம்.

அரைக்கால், மாகாணி என்று இறங்கி, 320-ல் ஒரு பங்குக்கு முந்திரி என்று பெயர் வைத்த மொழிக்கு இது அந்நியமல்ல. நம் சமையலறையே இந்தக் கணக்கில்தான் நடக்கிறது: இளஞ்சூடு, ஒரு கொதி, பாகு பதம். ஜப்பானியர்கள் இதை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 1987-ல் திறக்கப்பட்ட செண்டாய் நகரத்துச் சுரங்க ரயில், நல்ல டிரைவரைப் போல, 'கொஞ்சம் வேகம் கூடினால் கொஞ்சம் பிரேக்' என்ற ரீதியில் ஓடியது. 1990-களில் நம் ஊர் வாஷிங் மெஷின் விளம்பரங்களிலும் 'ஃபஸி லாஜிக்' எட்டிப் பார்த்தது.

இதெல்லாம் எனக்கு வெறும் மொழிபெயர்ப்பு வேலையாகவே இருந்திருக்கும், நான் வசிக்கும் பெங்களூரில் 2024 கோடையில் தண்ணீர் நிற்காமல் இருந்திருந்தால். காவிரியை ஏறக்குறைய 100 கி.மீ. தொலைவிலிருந்து மேட்டில் ஏற்றிக் குடிக்கும் நகரம் இது. மிச்சத்துக்கு போர்வெல்தான். அந்த மார்ச் மாதம், நகரின் சுமார் 14,000 அரசு போர்வெல்களில் 6,900 வறண்டுவிட்டதாகக் கர்நாடகத் துணை முதல்வர் சொன்னார். குடிநீரில் கார் கழுவினால் ரூ.5,000 அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. பன்னிரண்டு வீடுகள் கொண்ட எங்கள் கட்டடத்தில் 700 அடி போர்வெல் காற்றை இறைக்க ஆரம்பித்தது.

மொட்டைமாடியில் கூட்டம் போட்டார்கள். முன்னால் மூன்று வழிகள். 1,200 அடிக்குப் புது போர்வெல். தினமும் லாரித் தண்ணீர். அல்லது, வருகிற காவிரி நீரை மீட்டர் வைத்து வீட்டுக்கு நாளொன்றுக்கு 300 லிட்டர் என்று பங்கிட்டுக்கொள்வது. எனக்கு மூன்றாவதுதான் நியாயமாகப் பட்டது. ஆனால் வீட்டில் 81 வயது அம்மா, இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருந்தாள். தினம் இரண்டு தடவை விரிப்பு மாற்ற வேண்டும். துவைக்க வேண்டும். பங்கீட்டுக்குக் கை தூக்கினால் அது அம்மாவுக்கு எதிராகத் தூக்கும் கை.

மொழிபெயர்த்த கட்டுரைகள் அப்போதுதான் மண்டையில் உறைத்தன. எங்கள் நிச்சயமின்மை ஒன்றல்ல, மூன்று. 1,200 அடியில் தண்ணீர் இருக்குமா என்பது நிகழ்தகவு. இந்த ஊரின் அடியில் கருங்கல் பாறை. தண்ணீர் அதன் விரிசல்களில்தான் நிற்கும். விரிசல் அகப்பட்டால் அதிர்ஷ்டம். கையில் தேங்காயோடு நீரோட்டம் பார்க்க வந்தவருக்கும் அதே அதிர்ஷ்டம்தான். 'போதுமான தண்ணீர்' என்பது வேறு ஜாதி. அது தோண்டினால் தெரிவதல்ல. அதற்கு எல்லைக்கோடே கிடையாது. மூன்றாவது, பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்வார் என்பது.

இரண்டாவதற்கு 1970-ல் ரிச்சர்ட் பெல்மனும் ஸாதேயும் ஒரு வழி சொன்னார்கள். ஒவ்வொரு யோசனையும் ஒவ்வொரு தேவையை எந்த அளவு நிறைவேற்றுகிறது என்று மார்க் போடுங்கள். அவற்றில் மிகக் குறைந்த மார்க்கைப் பாருங்கள். எந்த யோசனையின் குறைந்த மார்க் மற்றவற்றைவிட உயர்ந்திருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். போட்டுப் பார்த்தேன். போர்வெல்: தண்ணீர் 0.8, நம்பகம் 0.4, செலவு 0.3. லாரி: தண்ணீர் 0.7, செலவு 0.4, நம்பகம் 0.4. பங்கீடு: செலவு 0.9, நம்பகம் 0.6, தண்ணீர் 0.5. பங்கீடு ஜெயித்தது. ஆனால் எங்கள் வீட்டுக்கு மட்டும் அந்த 0.5 என்பது 0.2. சராசரி பார்த்தால் இது மறைந்துபோகும். இந்த முறை மறைக்க விடாது. பலவீனமான இடத்தில்தான் விரலை வைக்கும்.

கூட்டத்தில் அதைச் சொன்னேன். எங்களுக்கு 450 லிட்டர் வேண்டும். மற்ற பதினொரு வீடுகளும் தலா 14 லிட்டர் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். தரைத்தளத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, கன்னடம் கலந்த தமிழில், "எங்க அம்மாவும் மூணு வருஷம் படுக்கையில இருந்தாங்க மேடம். பதினாலு லிட்டர்னா ஒரு பக்கெட்தானே, எழுதிக்குங்க" என்றார். யாரும் மறுக்கவில்லை. பங்கீட்டுக்கு நானும் கை தூக்கினேன்.

ஆனால் மூன்றாவது நிச்சயமின்மை அவ்வளவு சுலபமாக மசியவில்லை. விமானப் பொறியாளராக இருந்து உயிரியலுக்கு வந்த ஜான் மேனார்ட் ஸ்மித்தும் ஜார்ஜ் பிரைஸும் 1973-ல் விலங்குகளின் சண்டையை ஆட்டக் கோட்பாட்டால் விளக்கினார்கள். அதிலிருந்து பிரபலமானது பருந்து-புறாக் கணக்கு. எல்லோரும் புறாவாக இருக்கும் இடத்தில் ஒரு பருந்து கொழிக்கும். எல்லோரும் பருந்தாகிவிட்டால் இரையைவிடக் காயம் பெரிதாகி, விலகிப்போகும் புறா பிழைக்கும். யாரும் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை. எது பலன் தருகிறதோ அது பெருகும். மனிதர்களிடத்தில் அதற்குப் பெயர் பார்த்துச் செய்வது. ஒரு வீட்டு வாசலில் ரிக் லாரி நின்றால் அடுத்த வாரம் பக்கத்து வாசலில் நிற்கும். நிலத்தடி நீரில் இன்னொரு வில்லங்கம்: பருந்துக்குக் காயம் உடனே படுவதில்லை. பட்டாலும் தெரு முழுக்கப் பங்கிட்டுப் படுகிறது.

அடக்கம் நிலைக்க வேண்டுமானால் அதை மீறுகிறவருக்கு லாபம் இருக்கக்கூடாது. ராபர்ட் ஆக்ஸல்ராட் நடத்திய கம்ப்யூட்டர் போட்டிகளில் ஜெயித்தது, முதலில் ஒத்துழைத்து, பிறகு எதிராளி செய்ததையே திருப்பிச் செய்யும் மிகச் சிறிய நிரல். எங்கள் நோட்டீஸ் போர்டு அந்த வேலையைச் செய்தது. வாராவாரம் பன்னிரண்டு மீட்டர்களின் கணக்கும் அதில் எழுதப்பட்டது. இரண்டாவது வாரம் ஒரு வீடு எல்லை தாண்டியது. கூடுதலாக எடுத்தது அடுத்த வாரம் கழிக்கப்பட்டது. மூன்றாவது வாரம் அந்த வீடு கணக்குக்குள் வந்துவிட்டது. சண்டையில்லை, பேச்சுமில்லை.

2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. நெருக்கடி தணிந்ததும், மீட்டர் இனி எதற்கு என்று இரண்டு வீட்டார் கேட்கிறார்கள். அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். அந்த 150 லிட்டரை நாங்கள் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அடுத்த சந்தில் 1,300 அடி தோண்டியவர்களுக்குத் தண்ணீர் கிடைத்திருக்கிறது. நல்ல தண்ணீர், சுவையாகவும் இருக்கிறதாம். அவர்கள் இறைப்பதை எழுத எங்கள் நோட்டீஸ் போர்டில் இடமில்லை.